பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்தப்புறம்

கிராமத்துல பிரசவம்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் ஆஸ்பத்திரியைப் பத்திதான் பேசுறாங்க. ஸ்கேன் இருக்கா, ராத்திரி டாக்டர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா, 108 எவ்ளோ நேரத்துல வரும். எல்லாமே தேவையான பேச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கறது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு வர்ற முதல் வாரம், பத்து நாள். அதுவரைக்கும் மாசாமாசம் பிபி பார்த்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, மாத்திரை குடுத்து ஒரு பொண்ணு மேலயே இருந்த கண்ணெல்லாம் குழந்தை வெளிய வந்ததும் அப்படியே குழந்தை பக்கம் திரும்பிடுது. அவளை "பச்ச உடம்புக்காரி"ன்னு ஒரு ரூம்ல படுக்க வச்சுட்டு வீடு முழுக்க குழந்தை யாரு ஜாடைன்னு பேசிக்கிட்டு இருக்கும். அவ தலை வலிக்குதுன்னு சொன்னா யாரு காதுல விழும்?

எங்க சித்தி தர்மபுரி மாவட்டத்துல, அரூர் பக்கத்து கிராமங்கள்ல வி.ஹெச்.என்னா, அதாவது கிராம சுகாதார செவிலியரா, முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. ஊர்ல நர்ஸம்மான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு துணை சுகாதார நிலையம்னா சமவெளில சுமார் 5,000 பேர், மலைன்னா 3,000 பேர், இதுதான் கணக்கு. அந்த அஞ்சாயிரம் பேர்ல எந்த வீட்டுல யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்குன்னு அந்தப் பொண்ணோட மாமியாருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சித்திக்குத் தெரியும். அவங்க பையில ஒரு பிபி மெஷின், குழந்தையைத் துணியில தொங்கவிட்டு எடை பாக்குற தராசு, சத்து மாத்திரை, ஓரமெல்லாம் மடங்கிப்போன பெரிய ரெஜிஸ்டர் இருக்கும். அந்த ரெஜிஸ்டர்ல சில பேர் பக்கத்துல சிவப்பு மையில சுழிச்சு வச்சிருப்பாங்க, அவங்கல்லாம் ஹை ரிஸ்க். முதல் பிரசவத்துல சிசேரியன் ஆனவங்க, குள்ளமா இருக்கறவங்க, ஹெச்.பி, அதாவது ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின், எட்டுக்குக் கீழ இருக்கறவங்க, பிபி இருக்கறவங்க. வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கூட திடீர்னு "அந்தப் பொண்ணுக்கு இது எட்டாவது மாசம்ல"ன்னு யார்கிட்டயும் இல்லாம சொல்லுவாங்க.

தமிழ்நாட்டுல நடந்தது சின்ன விஷயம் இல்லீங்க. 2001-03 கணக்குல ஒரு லட்சம் குழந்தை உயிரோட பிறந்தா 134 தாய்மார் இறந்தாங்க, 2018-20-ல அது 54. அதே வருஷங்கள்ல நாட்டோட சராசரி 97. அப்ப கேரளா 19-ல இருந்தப்ப நாம 54-ல இருந்தோமேங்கற வருத்தம் எனக்கு உண்டு, ஆனா 134-ல இருந்து இவ்ளோ தூரம் இறங்கினது தானா நடக்கல. நேஷனல் ஃபேமிலி ஹெல்த் சர்வேயோட அஞ்சாவது ரவுண்டுல, அதாவது 2019-21 கணக்குல, தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 99.6 சதவீதம் ஆஸ்பத்திரில நடந்திருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே. எங்க பாட்டி காலத்துல மருத்துவச்சி வந்து விளக்கு வெளிச்சத்துல பார்த்த பிரசவம் ரெண்டே தலைமுறையில இப்படி மாறியிருக்கு.

எப்படி மாறிச்சுன்னு சித்திகிட்ட கேட்டா முதல்ல சொல்றது மூணு ஸ்டாஃப் நர்ஸைப் பத்திதான். முன்னாடியெல்லாம் பி.ஹெச்.சி., அதாவது ஆரம்ப சுகாதார நிலையம், சாயங்காலம் ஆனா பூட்டு. ஆனா வலி பகல் பார்த்தா வருது? ராத்திரில வலி வந்தா சித்தியைத்தான் வந்து எழுப்புவாங்க, இல்லன்னா டெம்போ பிடிச்சு டவுனுக்குப் போகணும், போற வழியிலேயே ஆனதும் உண்டு. 2000-களோட நடுவுலேர்ந்து ஒவ்வொரு பி.ஹெச்.சி.யா மூணு நர்ஸைப் போட்டு ஷிஃப்ட் மாத்தி 24 மணி நேரமும் ஆள் இருக்கற மாதிரி பண்ணாங்க. நடு ராத்திரி போனாலும் லைட் எரியும், வெள்ளை டிரஸ்ல ஒருத்தங்க எழுந்து வருவாங்கன்னு ஜனங்களுக்கு நம்பிக்கை வந்ததும் பிரசவம் தானா அங்க போயிடுச்சு. அதுக்கு மேல 2008 செப்டம்பர்ல 108 வந்துச்சு, சிசேரியனும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கற சீமாங்க் சென்டர்கள் பெரிய ஆஸ்பத்திரிகள்ல வந்துச்சு, முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கற மகப்பேறு உதவித்தொகை 2006-ல 6,000 ஆச்சு, 2011-ல 12,000, 2018-ல சத்துப் பெட்டகத்தோட சேர்த்து 18,000. பணத்தை விட அந்தப் பணத்துக்காக ஒவ்வொரு கட்டத்துலயும் செக்கப்புக்கு வந்தே ஆகணும்ங்கறதுதான் பெரிய வேலை செஞ்சுதுன்னு சித்தி சொல்லுவாங்க.

இதெல்லாத்தையும் விட எனக்கு ரொம்பப் பெருசாப் படறது வேற. ஒரு தாய் இறந்துட்டா அதோட விட்டுடக் கூடாது, ஏன் இறந்தாங்கன்னு விசாரிக்கணும்ங்கற பழக்கம் தமிழ்நாட்டுல 1990-கள்லயே ஆரம்பிச்சிடுச்சு. கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்துட்டு முடிக்கறதில்ல, வீட்டுக்கே போய் புருஷன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் உக்காந்து கேப்பாங்க, வலி எப்ப ஆரம்பிச்சுது, எப்ப கிளம்பணும்னு முடிவு பண்ணீங்க, வண்டி எப்ப வந்துச்சு, முதல்ல போன இடத்துல என்ன சொன்னாங்க, அங்கேர்ந்து எங்க அனுப்பினாங்கன்னு மணிக்கணக்கு போட்டு எழுதுவாங்க. அப்புறம் கலெக்டர் முன்னாடி மீட்டிங், சில சமயம் குடும்பத்துக்காரங்களும் வருவாங்க. அப்படி ஒரு மீட்டிங்குக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு சித்தி ராத்திரி சாப்பிடல. அவங்க ஏரியாப் பொண்ணு கூட இல்ல அது, பக்கத்து ஏரியா. ரத்தப்போக்கு. முதல்ல போன இடத்துல கொஞ்ச நேரம் பாப்போம்னு சொல்லியிருக்காங்க, அந்தக் கொஞ்ச நேரம்தான் போச்சு.

டாக்டருங்க இதை மூணு தாமதம்னு பிரிச்சுச் சொல்லுவாங்க. கிளம்பறதுக்கு முடிவெடுக்கற தாமதம், போய்ச் சேர்ற தாமதம், போன இடத்துல கவனிக்கற தாமதம். பிரசவ வலி விஷயத்துல முதல் ரெண்டையும் நம்ம ஊர் பெரும்பாலும் ஜெயிச்சாச்சு, வலின்னா உடனே 108-க்கு ஃபோன். ஆனா பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு பிரச்சனைன்னா முதல் தாமதம் அப்படியே பழையபடி வந்து உக்காந்துக்குது. ஏன்னா அது பிரச்சனைன்னே வீட்டுல யாருக்கும் தோணாது.

என் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்றேன். தலைப்பிரசவம், வளைகாப்பு போட்டு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். ஒன்பதாம் மாசம் பிபி கொஞ்சம் ஏறுச்சு, மாத்திரை குடுத்தாங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரிலதான் பிரசவம், நல்லபடியா நார்மலா ஆச்சு, பெண் குழந்தை. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை பேரெல்லாம் வரிசையா எழுதியிருந்துச்சு, ஆனா வீட்டுக்குப் போனப்புறம் பிபி திரும்ப எப்ப பாக்கணும், எது வந்தா உடனே ஓடி வரணும்னு ஒருத்தர் கூட வாயால சொல்லல. வீட்டுக்கு வந்த ரெண்டு மூணு நாள்லயே தலைவலின்னு சொன்னா. அம்மா, தலைக்கு ஊத்தினோம்ல, ஈரம் நின்னு போச்சுன்னு சாம்பிராணி போட்டாங்க, சுக்கு அரைச்சுப் பத்து போட்டாங்க. மறுநாள் கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்னா. தூக்கம் இல்லாததால இருக்கும்னு எல்லாரும் சொன்னோம், ராத்திரி முழுக்க குழந்தை அழுதா யாருக்குத்தான் கண்ணு மங்கலா இருக்காது. அன்னைக்கு சாயங்காலம் சித்தி குழந்தையைப் பாக்க வந்தாங்க. குழந்தையைக் கையில கூட வாங்கல, தங்கச்சி மூஞ்சியைப் பார்த்துட்டு நேரா அவ பக்கத்துல போய் உக்காந்து "என்னடி கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி உப்பியிருக்கு, கால நீட்டு"ன்னு கேட்டு, முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை விரலை வச்சு அழுத்தினாங்க. விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்னுச்சு. பையிலேர்ந்து பிபி மெஷினை எடுத்தாங்க. ரிட்டையர் ஆனப்புறமும் அந்தப் பையைத் தூக்கிக்கிட்டுதான் சொந்தக்காரங்க வீட்டுக்கு வருவாங்க. 170-க்கு 110. அம்மாவைப் பார்த்து "அக்கா, 108-க்கு ஃபோன் பண்ணு, இப்பவே"ன்னாங்க, வேற ஒரு வார்த்தை பேசல.

அரசு ஆஸ்பத்திரில மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு பிபியை இறக்கி ரெண்டு மூணு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தா ஜன்னி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். பிரசவத்துக்கு அப்புறம் பிபி உடனே சரியாயிடும்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம், ஆனா மூணாம் நாள்லேர்ந்து ஆறாம் நாளுக்குள்ளதான் அது ரொம்ப ஏறுற காலமாம். சரியா எல்லாரையும் டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பியிருக்கற நாளுங்க அது. வீட்டுல பிபி மெஷின் இல்லாத, நர்ஸ் சித்தி இல்லாத வீடுகள்ல என்ன ஆகும்னு அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து யோசிச்சதுதான், இன்னைக்கு வரைக்கும் விடல.

இதுல நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டுலங்கறது நம்ம வழக்கம், அந்தப் பொண்ணுக்கு அதுல ஒரு நிம்மதி கிடைக்கறதும் உண்மை. ஆனா ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு முடிஞ்சு கிளம்பினதும் புருஷன் ஊர் நர்ஸோட ரெஜிஸ்டர்லேர்ந்து அவ போயிடுவா, தாய் வீட்டு ஊர் நர்ஸுக்கு அவ வந்ததே தெரியாது. சித்தி இதுக்காக ஒரு பழைய நோட்டுல பக்கத்து பிளாக், பக்கத்து மாவட்ட நர்ஸுங்க ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. பொண்ணு கிளம்பின அன்னைக்கே ஃபோன் போட்டு "உங்க ஊருக்கு ஒரு பொண்ணு வருது சிஸ்டர், ஹெச்.பி கம்மி, நீங்கதான் பாத்துக்கணும்"னு பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி ஒப்படைப்பாங்க. பிறகு பிக்மிங்கற கம்ப்யூட்டர் பதிவு வந்துச்சு, கர்ப்பத்தைப் பதிவு பண்ணதும் ஒரு நம்பர், அந்த நம்பர் இருந்தா எந்த ஊருக்குப் போனாலும் விவரம் கூடவே போகும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன், பிறப்புச் சான்றிதழுக்கே இப்ப அந்த நம்பர் வேணும். ஆனா நம்பர் கம்ப்யூட்டர்ல மாறிடும், வீட்டுக் கதவைத் தட்டறதுக்கு ஆள்தான் போகணும்.

முன்னாடி சொன்ன அதே ஃபேமிலி ஹெல்த் சர்வேல தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேர். மாத்திரை இலவசமாத்தான் குடுக்கறாங்க. சித்தி ஒரு வீட்டுல கூரைச் சந்துல கை விட்டு எடுத்தப்ப ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா மாத்திரை வந்துச்சாம். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு "வாந்தி வருதுங்க, வெளிக்கிப் போனா கருப்பாப் போகுதுங்க, பயமா இருக்குதுங்க"ன்னு சொல்லியிருக்கா. மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லல. கருப்பாப் போறது இரும்புச் சத்தாலதான், ராத்திரி சோறு தின்னுட்டுப் படுக்கப் போகும்போது போட்டுக்கோ, டீயோட மட்டும் போடாத, போட்டப்புறம் ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கோன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அந்த ரெண்டு நிமிஷம் செவ்வாய்க்கிழமை பி.ஹெச்.சி.ல கர்ப்பிணிங்க வரிசைல நிக்கும்போது கிடைக்காது, வீட்டுத் திண்ணைல உக்காந்தாத்தான் கிடைக்கும். மாத்திரையில ஏறாதவங்களுக்கு அயர்ன் சுக்ரோஸ் டிரிப் போடறாங்க, காப்பிக் கலர்ல சொட்டுச் சொட்டா இறங்கும், அதுக்கு வர்றதுக்கே ஒரு நாள் கூலி போகும்ங்கறதால வராத பொண்ணுங்களையும் சித்தி தேடிப் போய்க் கூட்டிட்டு வருவாங்க. ரத்தம் கம்மியா இருக்கறவளுக்குப் பிரசவத்துல கொஞ்சம் போனாலும் தாங்காது, அதனால இது பிரசவத்தன்னைக்கு வர்ற ஆபத்துக்கு மாசக்கணக்கா முன்னாடியே பண்ற வைத்தியம்.

வீட்டுக்கு வந்தப்புறம் நடக்கற மத்த விஷயங்களையும் சொல்லிடறேன். பச்ச உடம்புக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு இன்னைக்கும் பல வீட்டுல பிடிவாதம். சித்தி இதுக்குச் சண்டை போட மாட்டாங்க. "நாங்கல்லாம் இப்படித்தானுங்க பெத்தோம் நர்ஸம்மா, தண்ணி குடுத்தா வயிறு போட்டுக்கும்"னு மாமியார் சொன்னா, "சரிங்கம்மா, பச்சைத் தண்ணி வேணாம், சீரகம் போட்டுக் கொதிக்க வச்சு கை பொறுக்கற சூட்டுல சொம்பு நிறைய குடுங்க, பாலு ஊறணும்ல"ன்னு சொல்லிட்டு, அந்தச் சொம்பு வந்து அந்தப் பொண்ணு குடிக்கற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. சேனை வைக்கறதுன்னு பிறந்த குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கற வழக்கம், சில ஊர்ல கழுதைப்பால், அப்புறம் உரமருந்து. சீம்பாலைப் பீச்சி வெளிய ஊத்திட்டு இதெல்லாம் குடுத்த காலத்தை சித்தி பார்த்திருக்காங்க. இப்ப சீம்பால் குடுக்கறது ரொம்பவே மாறிடுச்சு, ஆனா சேனை இன்னும் இருக்கு. பாசத்துல, நல்ல குணம் வரட்டும்னு பெரியவங்க வைக்கறது, அவங்க மனசைப் புண்படுத்தாம நிறுத்தறதுக்கு அந்த வீட்டுக்குப் பழகின ஒருத்தராலதான் முடியும்.

உலகம் முழுக்கப் பிறந்து 28 நாளுக்குள்ள இறக்கற குழந்தைகள்ல முக்கால்வாசி முதல் வாரத்துலயே இறந்துடுதுங்க. மகாராஷ்டிராவுல கட்சிரோலின்னு காட்டு மாவட்டம். அங்க அபய் பங், ராணி பங்னு ஒரு டாக்டர் தம்பதி 1980-கள்ல சர்ச் (SEARCH)ங்கற அமைப்பைத் தொடங்கி, 39 கிராமத்துல அதே ஊர்ப் பெண்களுக்கே பச்சைக் குழந்தையைப் பாத்துக்கப் பயிற்சி குடுத்தாங்க. எடை பாக்கறது, உடம்புச் சூடு பாக்கறது, மூச்சு எண்றது, மூச்சு வராத குழந்தைக்கு மூச்சு குடுக்கறது, கிருமித் தொற்றுக்கு ஊசி போடறது வரைக்கும். பிறந்து 28 நாளுக்குள்ள நடக்கற குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைஞ்சதுன்னு 1999-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல எழுதினாங்க. அதுவரைக்கும் பச்சைக் குழந்தையைக் காப்பாத்தணும்னா பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின் இல்லாம முடியாதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. அதை வச்சுதான் 2011-லேர்ந்து நாடு முழுக்க ஆஷான்னு சொல்ற ஊர் சுகாதாரப் பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-னு நாள் கணக்கு வச்சு வீட்டுக்குப் போகணும்னு திட்டம் வந்துச்சு. தமிழ்நாட்டுல ஆஷா பெரும்பாலும் மலைப்பகுதிலதான், மத்த இடத்துல அந்தப் பாரமும் வி.ஹெச்.என் தலையிலதான்.

எங்க மாவட்டத்துலயே சிட்டிலிங்கி இருக்கு, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல பள்ளத்தாக்கு. 1990-கள் தொடக்கத்துல அங்க ஆயிரம் குழந்தை பிறந்தா 147 குழந்தை ஒரு வயசுக்குள்ள இறந்துடும். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜின்னு ரெண்டு டாக்டருங்க 1993-ல ஒரு குடிசை ஆஸ்பத்திரி போட்டு உக்காந்தாங்க, அந்த ஊர்ப் பழங்குடிப் பொண்ணுங்களையே நர்ஸா பழக்கினாங்க, ஒவ்வொரு ஊர்லயும் வயசான, பேச்சுக்கு மரியாதை இருக்கற பெண்களை சுகாதாரப் பணிக்குப் பழக்கினாங்க. வீட்டுக்கு வந்து சொல்றது அவங்க ஊரு அக்கா, அவங்க பாஷை. அந்த 147 இருபதுக்குப் பக்கத்துல இறங்கிச்சு. சித்தி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து, அங்க நர்ஸுங்க நோயாளிகூட தரைல சமமா உக்காந்து பேசறாங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

இப்ப வேலைல இருக்கற வி.ஹெச்.என்னுங்ககிட்ட பேசினா மனசு கனத்துப் போகுது. தடுப்பூசி அவங்க, குடும்பக் கட்டுப்பாடு அவங்க, காய்ச்சல் கணக்கு அவங்க, உதவித்தொகை ஃபார்ம் அவங்க, ஆதார்ல ஒரு பேரும் பேங்க்ல ஒரு பேரும் இருந்து பணம் வரலன்னா திட்டு வாங்கறதும் அவங்க. இதுக்கு மேல ரெஜிஸ்டர்லயும் எழுதணும், அதையே ஆப்லயும் ஏத்தணும். பக்கத்து துணை நிலையத்துல போஸ்ட் காலியா இருந்தா அதையும் சேர்த்துப் பாக்கணும். இப்படி இருந்தா முதல்ல அடிபடறது வீட்டுக்குப் போற வேலைதான், ஏன்னா போகலன்னாலும் உடனே யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இப்பதான் அது இன்னும் அதிகமாத் தேவைப்படுது. அந்த சர்வே கணக்குல தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 44.9 சதவீதம் சிசேரியன், தனியார்ல 60 சதவீதத்துக்கும் மேல. வயித்துல தையலோட வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு அந்தத் தையலைப் பாக்க, காய்ச்சல் இருக்கான்னு பாக்க யாரு வருவா?

நான் கேக்கறது பெரிய பட்ஜெட் இல்ல. தாய் வீடோ புருஷன் வீடோ, எங்க இருந்தாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரில பெத்திருந்தாலும் சரி, மூணாம் நாளும் ஏழாம் நாளும் ஒரு நர்ஸ் பிபி மெஷினோட வாசல்ல வந்து நிக்கணும். அதுக்காக டேட்டா ஏத்தற வேலையை அவங்ககிட்டேர்ந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுங்க. காலி போஸ்டை நிரப்புங்க. டிஸ்சார்ஜ் பண்ணும்போது சீட்டைக் கையில குடுக்கறதோட நிறுத்தாம அம்மாவையோ மாமியாரையோ பக்கத்துல உக்கார வச்சு வாயால சொல்லுங்க, அஞ்சு நிமிஷம்.

அதுவரைக்கும், இதைப் படிக்கற உங்க வீட்டுல இப்ப பிள்ளை பெத்தவ இருந்தா அவகிட்ட தினம் ஒரு தடவை போய் கேளுங்க. விடாத தலைவலி, கண்ணு மங்கறது, மேல் வயித்துல வலி, மூச்சு வாங்கறது, ஒரு மணி நேரத்துக்குள்ள பேடு நனையற அளவுக்கு ரத்தம், குளிர் காய்ச்சல், கெட்ட வாடையோட கசிவு படறது, ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்கறது, இதுல எது இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. குழந்தை பால் குடிக்கறதை விட்டுட்டா, துவண்டு கிடந்தா, உடம்பு சில்லுன்னு ஆனா இல்ல சுட்டா, நெஞ்சுக்குழி உள்வாங்கி வேகமா மூச்சு விட்டா, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாச்சுன்னா அதுவும் அப்படித்தான். எடை கம்மியான குழந்தைன்னா அம்மாவோட வெறும் நெஞ்சுல ஒட்டப் போட்டு மேல துணியைச் சுத்தி வைங்க, அப்பா நெஞ்சா இருந்தாலும் பரவால்ல, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயும் அப்படியே வச்சுக்கலாம். 108-க்கு ஃபோன் பண்ணுங்க, தாய் சேய் அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க, குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆச்சுங்கறதை உள்ள நுழைஞ்சதும் முதல்ல சொல்லுங்க.